தலை இல்லாத மனுஷங்களும் பழைய சாக்கும்: சிற்பி மக்தலேனா அபகானோவிச் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

தலையே இல்லாம கூட்டமா நிக்கிற இரும்பு ஆளுங்க போட்டோ ஒண்ணு என் போன்ல இருக்கு, யாருக்கு காட்டினாலும் "ஐயோ என்ன இது, ஏன் இப்டி பண்ணி வச்சிருக்காங்க"ன்னுதான் முதல்ல கேப்பாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா கேள்வி வரும், யாரு கேட்டாலும் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான் சுத்தி சுத்தி வருது. அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் கலை படிச்ச ஆள் இல்ல, இதெல்லாம் பண்ண இந்த அபகானோவிச் மேல ஒரு பித்து, அவ்ளோதான்.

யாருங்க இவங்க, சுருக்கமா சொல்லுங்களேன்?

போலந்து நாட்டு சிற்பி. 1930 ஜூன் 20ல வார்சா பக்கத்துல ஃபலேன்டிங்கற ஊர்ல பொறந்தாங்க, 2017 ஏப்ரல் 20ல வார்சாவுல காலமானாங்க. கயிறு, கத்தாழை நார், குதிரை முடி, பழைய சாக்கு, அடிமரம், வெண்கலம், சுண்ணாம்புக்கல், வார்ப்பிரும்புன்னு கைக்கு சிக்கின எல்லாத்தையும் வச்சு ஒரு அம்பது அறுபது வருஷம் ஒரே கிணத்ததான் தோண்டிக்கிட்டு இருந்தாங்க: இந்த உடம்புன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன, எவ்ளோ தாங்கும், நாலு பேரோட நாப்பது பேரோட நிக்கிறப்ப அதுக்குள்ள இருக்கற ஆள் என்ன ஆவறான்.

நெசவுக்காரங்கன்னு சிலர் சொல்றாங்க, சிற்பின்னு சிலர் சொல்றாங்க, எது சரி?

ஆரம்பம் தறியிலதான், ஆனா நெசவுக் கலைஞர்ங்கற முத்திரை அவங்களுக்கு புடிக்கவே புடிக்காது.

கத எப்டின்னா, 1950லேர்ந்து 1954 வரைக்கும் வார்சா கலைக் கல்லூரியில படிச்சாங்க, அது சோவியத் தலைவர் ஸ்டாலின் காலம், தொழிலாளி சிரிச்சுக்கிட்டே டிராக்டர் ஓட்ற மாதிரி படம் போட்டாதான் அது கலைன்னு இருந்த காலம். படிச்சு முடிச்சதும் அதுக்கு நேர் எதிரா செடி, மீன், பறவைன்னு பெருசு பெருசா வரைஞ்சாங்க, பேப்பர் பத்தாம துணிய ஒட்டுப்போட்டு தைச்சு அதுமேலயும் வரைஞ்சாங்க. அப்புறம் மரியா வாஷ்கியேவிச்னு ஒரு மூத்த நெசவுக் கலைஞர், தன்னோட வீட்ல இருந்த பட்டறையில தறி குடுத்து எடமும் குடுத்தாங்க. அங்க உருவானதுதான் 'வெள்ளை வடிவங்களின் அமைப்பு', கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் ஒசரம், துணி காயப்போடற பருத்திக் கயிற வச்சு நெஞ்சது.

அத 1962ல சுவிட்சர்லாந்து லோசான் நகரத்துல நடந்த முதல் சர்வதேச நெசவுச்சித்திர கண்காட்சிக்கு அனுப்பினாங்க. அங்க அப்ப நடைமுறை என்னன்னா, ஓவியர் முழு அளவுல படம் வரைஞ்சு குடுப்பாரு, பட்டறையில நெசவாளி அத அப்டியே நூலு நூலா காப்பி எடுப்பாரு, வரையறவர் கை வேற நெய்யறவர் கை வேற. இவங்க வரைபடமே இல்லாம தறியில உக்காந்து, பாவுக்குள்ள, அதாவது நெடுக்கு நூலுக்குள்ள, ஊடு, அதாவது குறுக்கு நூல் போறப்ப கைக்கு என்ன தோணுதோ அதையே முடிவா எடுத்தாங்க. மொரடா, முடிச்சு முடிச்சா, பளபளப்பு ஒண்ணும் இல்லாம. சிலருக்கு எரிச்சல், சிலருக்கு பிரமிப்பு. 1965ல பிரேசில்ல சாவ் பாவ்லோ கண்காட்சியில தங்கப் பதக்கம் கெடச்சுது. அதுக்கப்புறம் அந்தத் துணி செவுத்த விட்டு எறங்கிடுச்சு.

'அபகான்'னா என்ன?

செவுத்த விட்டு எறங்கினதுதான் அபகான். இவங்க பண்ண பொருளுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னே யாருக்கும் தெரியல, விரிப்பா, திரையா, சிலையா, போலந்துல ஒரு விமர்சனத்துல இவங்க குடும்பப் பேர்லேர்ந்தே வெட்டி 'அபகான்'னு எழுதப்போக, அதுவே நிலைச்சுது, இவங்களும் அதையே வச்சுக்கிட்டாங்க. தன் பேர்லயே ஒரு பொருள் வகை இருக்கற சிற்பி வேற யாராவது இருக்காங்களான்னு யோசிச்சு பாத்தேன், எனக்கு யாரும் ஞாபகத்துக்கு வரல.

கூரையிலேர்ந்து தொங்கும். பெருசுன்னா சும்மா பெருசு இல்ல, 1969ல பண்ண 'சிவப்பு அபகான்' ஏறக்குறைய 4 மீட்டர் ஒசரம் 4 மீட்டர் அகலம், இப்ப லண்டன் டேட் அருங்காட்சியகத்தோட தொகுப்புல இருக்கு. உரிச்சுப்போட்ட தோல் மாதிரி, உள்ள காலியான பெரிய மரம் மாதிரி, யாரோ கழட்டி மாட்டிட்டு போன ராட்சச கோட்டு மாதிரி ஒண்ணொண்ணும் ஒரு தினுசு, சுத்தி நடக்கலாம், சிலதுல பொளந்த எடம் வழியா உள்ளயும் நுழையற மாதிரி இருக்கும்.

செஞ்ச வெதம் கேட்டா கை வலிக்கும். துறைமுகத்துல கப்பலுக்கு ஒதவாதுன்னு கழிச்சுப் போட்ட சீசல் கயிறு, அதாவது கத்தாழை நார்க் கயிறு, அத வாங்கிட்டு வந்து, முறுக்க பிரிச்சு, அலசி, சாயம் போட்டு, திரும்ப நூலாக்கி நெய்யணும். பழைய கயிறு ஒண்ண எடுத்து ஒரு பத்து நிமிஷம் பிரிச்சு பாருங்க, வெரலு எரியும், இவங்க டன் கணக்குல இல்லாட்டியும் மலை மலையா பிரிச்சிருக்காங்க. ஒரு தடவ கடல்ல ஒழச்சு தேஞ்ச நாருக்கு ரெண்டாவது பொறப்பு.

ஏன் நாரு? கல்லு, களிமண்ணு எல்லாம் இல்லையா?

ரெண்டு காரணம், ஒண்ணு வயித்துப்பாடு மாதிரியானது, ஒண்ணு தத்துவம்.

ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் போலந்துல எதுவுமே தட்டுப்பாடு. இவங்களும் புருஷனும் இருந்தது ரொம்ப சின்ன வீடு. வெண்கலம் வார்க்கவோ கல்லு எறக்கவோ காசும் இல்ல எடமும் இல்ல, நார்ல பண்ணா மடிச்சு ஓரமா வச்சுக்கலாம், சுருட்டி வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பொருள் கெடைக்கலன்னு சாக்கு சொல்லாம பின்னாடி சாக்கையே எடுத்தாங்க பாருங்க, அதுக்கு வெதை இங்கதான் விழுந்துச்சு.

ரெண்டாவது, அவங்களே பல தடவ சொன்ன விஷயம், உயிருள்ள எல்லாமே நார்லதான் கட்டியிருக்குன்னு. எலையோட நரம்பு, மரத்தோட தண்டு, நம்ம தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் இழைதான். அப்ப நார கையில எடுக்கறதும் ஒடம்ப கையில எடுக்கறதும் ஒண்ணு. கல்லுல மனுஷன செதுக்கினா அது மனுஷன் மாதிரி இருக்கற கல்லு, நார்ல பண்ணா அது ஏற்கெனவே பாதி ஒடம்புதான், மக்கும், சுருங்கும், வாசனை வரும், வயசாகும். எனக்கு இவங்க மேல பித்து புடிச்ச எடமே இதான்.

சின்ன வயசுல ஏதோ கோரம் நடந்துச்சாமே?

ஆமா. குடும்பம் நெலபுலத்தோட இருந்த பிரபுக் குடும்பம், அப்பா வழியில தாத்தார் வம்சம், மங்கோலிய மன்னன் அபகா கான் வரைக்கும் போற பரம்பரைன்னு வீட்ல பேசிக்குவாங்க. கிராமத்துப் பண்ணை வீடு, சுத்தி காடு, பொண்ணு தனியா சுத்திக்கிட்டு மரப்பட்டை, குச்சி, களிமண்ணு, கல்லுன்னு பொறுக்கிட்டு இருக்கும். 9 வயசுல போர் வந்துச்சு. 1943ல ஒரு ராத்திரி குடிச்சிட்டு வந்த ஜெர்மன் சிப்பாய்ங்க வீட்டுக்குள்ள சுட்டதுல அம்மாவோட வலது கை தோளோட போச்சு, பொண்ணு கண்ணு முன்னாடி. அடுத்த வருஷம் வார்சா எழுச்சி, அதாவது ஜெர்மன் படைக்கு எதிரா வார்சாவுல நடந்த கிளர்ச்சி நேரத்துல, 14 வயசுல, அடிபட்டவங்க வந்து குவிஞ்ச ஆஸ்பத்திரியில ஒதவி வேலை பாத்தாங்க. போர் முடிஞ்சதும் நெலமெல்லாம் போயி, கம்யூனிஸ்ட் ஆட்சியில பிரபு குடும்பத்து பொண்ணுன்னு தெரிஞ்சா காலேஜ்ல எடம் கெடைக்காதுன்னு பரம்பரைய மறைச்சுதான் படிச்சாங்க.

ஆனா ஒண்ணு, "அம்மாவுக்கு கை போச்சு, அதான் கையில்லாத சிலை"ன்னு நேர்கோடு போடறத நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ராத்திரி உள்ள இருக்கும், இல்லாம எங்க போவும், ஆனா அதுக்கும் பின்னாடி அவங்க பண்ண முதுகு உருவங்களுக்கும் நடுவுல முப்பது வருஷ வேலை இருக்கு, காட்டுல பொறுக்கின மரப்பட்டையும் இருக்கு. காயத்த மட்டும் எடுத்துக்கிட்டு கலைய தூக்கிப் போட்டா எப்டி.

சாக்குத்துணியில மனுஷ உருவம் எப்டி பண்ணாங்க? உள்ள கம்பி வச்சா?

கம்பி கட்டி அதுமேல சுத்தினதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சேன். அதில்ல.

1970கள்ல அபகான் உலகம் பூரா பேர் வாங்கி, கேட்டா வாங்க ஆள் இருந்த நேரத்துல அத விட்டுட்டு மனுஷ ஒடம்பு பக்கம் வந்தாங்க. முதல்ல நெஜ ஆள் ஒருத்தரோட ஒடம்புல பிளாஸ்டர் போட்டு அச்சு எடுக்கறது. அந்த அச்சுக்குள்ள, பிசின்லயோ பசையிலயோ தோய்ச்ச சாக்குத்துணி துண்டுங்கள, நூலையும் கயித்து பிசிறையும் சேத்து, கையால அழுத்தி அழுத்தி ஒட்டிக்கிட்டே வரணும். தோள் எலும்பு வர்ற எடத்துல ஒரு அழுத்து, முதுகுத்தண்டு ஓடற எடத்துல ஒரு மடிப்பு. காஞ்சதும் அச்சுலேர்ந்து ஓடு மாதிரி உரிச்சு எடுக்கணும், துணி சுருங்கின எடம் தோல் சுருக்கமாவும் நூல் தடிச்ச எடம் நரம்பாவும் தானா மாறியிருக்கும். இத போட்டோவுல கிட்டக்க பெருசு பண்ணி பாத்தா சில எடத்துல இது துணியா, உப்புக்கண்டம் போட்ட தோலான்னு ஒரு நொடி கொழம்பும்.

அச்சு அடிச்சு எடுத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்காதா?

இருக்கணும்தானே? இல்ல. அச்சு ஒண்ணுதான், ஆனா உள்ள அழுத்தற துணி ஒவ்வொரு தடவையும் வேற, கை போற வேகம் வேற, அன்னைக்கி மனசு வேற. பக்கத்துல பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது.

இவங்களுக்கு எண்ணிக்கைன்னா ஒரு மயக்கம், ஒரு பயம். கொசுக்கூட்டம் சாம்பல் கலர்ல மேகம் மாதிரி மொய்க்கறத பாத்தத பத்தி எழுதியிருக்காங்க, ஆயிரக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணு, ஆனா ஒவ்வொண்ணும் தன் வழிய பாத்து தனியா பறக்குது. எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு இருக்கு, அதுலயும் ஒண்ணு கூட இன்னொண்ணோட நகல் கெடையாது, எல, மனுஷன், கொசு எல்லாம் இந்தக் கணக்குதான். தொழிற்சாலையில மோல்டு எதுக்குன்னா எல்லாம் ஒண்ணா வரணும்னு, இவங்க மோல்ட எடுத்தது எல்லாம் வேற வேறயா வரணும்னு.

உள்ள ஏன் காலியா விட்டிருக்காங்க? முடிக்காம விட்டதா?

இதான் என்னை கேட்டா முக்கியமான கேள்வி.

'முதுகுகள்'னு ஒரு தொகுதி, 1976லேர்ந்து 1980 வரைக்கும் பண்ணது, 80 உருவம். எல்லாம் குனிஞ்சு உக்காந்த முதுகு, தலை இல்ல, கை இல்ல, கால் இல்ல, முன்பக்கமும் இல்ல. பின்னாடிலேர்ந்து பாத்தா ஒரு கூட்டம் தரையில உக்காந்து எதையோ வேண்டிக்கிட்டு இருக்கு. சுத்தி முன்னாடி போனீங்கன்னா ஆளே இல்ல, வெறும் குழிவு, சோறு வடிச்ச பானை மாதிரி ஓடுதான் இருக்கு. நெஞ்சு, வயிறு, மூஞ்சின்னு நாம ஒருத்தர அடையாளம் வைக்கற எதுவும் இல்ல, சொமை சொமக்கற பக்கம் மட்டும் இருக்கு.

பொதுவா சிலைன்னா உள்ளயும் அதே பொருள் நெறைஞ்சிருக்கும், இல்லாட்டி காலியா இருக்கறத மூடி மறைச்சிருப்பாங்க. இவங்க மறைக்கல. அந்த காலிய எப்டி படிக்கறதுன்னு எனக்கே ரெண்டு மனசு: ஒரு நாள் பாத்தா உள்ள இருந்தவன யாரோ உருவி எடுத்துட்ட மாதிரி இருக்கும், இன்னொரு நாள் பாத்தா நீ வந்து உக்காந்துக்கோன்னு ஒரு எடம் விட்டு வச்ச மாதிரி இருக்கும். இந்த உருவங்க தான் உரிச்சுப்போட்ட தோல் மாதிரின்னு அவங்களே சொல்லியிருக்காங்க, பாம்பு சட்டைய பாத்து இது முடிக்காத பாம்புன்னு யாரும் சொல்ல மாட்டோம்ல.

'முதுகுகள்' ஆஷ்விட்ஸ் வதை முகாம பத்தினதுதானே?

ஜனங்க அவங்ககிட்டயே இத கேட்டிருக்காங்க. ஒருத்தர் ஆஷ்விட்ஸான்னு கேட்டாரு, ஒருத்தர் பெரு நாட்டு மதச் சடங்கான்னு கேட்டாரு, இன்னொருத்தர் பாலித் தீவுல ஆடற ராமாயண ஆட்டமான்னு கேட்டாரு (தரையில வட்டமா நூறு பேரு உக்காந்து குனியற கேச்சாக் ஆட்டம் பாத்தவங்களுக்கு இது ஏன்னு புரியும்). எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்ல முடியும்னு அவங்க சொன்னாங்க, ஏன்னா இது ஒரு சம்பவத்த பத்தினது இல்ல, மனுஷ நெலைமைய பத்தினது. தப்பிச்சுக்கற பதில் மாதிரி தெரியலாம். ஆனா யோசிச்சு பாருங்க, குனிஞ்ச முதுகுக்கு காரணம் சாமியும் இருக்கலாம் சவுக்கும் இருக்கலாம், முதுகு மட்டும் பாத்தா வித்தியாசம் தெரியாது. அந்த தெரியாததுதான் நெஞ்ச அடைக்குது.

'எம்பிரியாலஜி', அதாவது கருவியல்னு ஒண்ணு உருளைக்கெழங்கு மூட்டைய கொட்டி வச்ச மாதிரி இருக்கே?

சரியாதான் பாத்திருக்கீங்க. 1978லேர்ந்து 1980 வரைக்கும் பண்ணது, சுமார் 800 உருண்டைங்க, கை அடக்கத்துல இருக்கறதுலேர்ந்து ஆள் படுத்த மாதிரி பெருசு வரைக்கும். சாக்கு, பருத்தி வலைத்துணி, சணல் கயிறு, நைலான், எல்லாத்தையும் உள்ள அடைச்சு வெளிய சுத்தி தைச்சது. 1980ல வெனிஸ் பியன்னாலேங்கற சர்வதேச கலைக் கண்காட்சியில போலந்து அரங்கத்துல வச்சாங்க. கல்லா, கெழங்கா, முட்டையா, கூட்டுப்புழுவா, கருவா, எது வேணா சொல்லலாம், சிலது தையல் பிரிஞ்சு உள்ள இருக்கறது எட்டிப் பாக்கும். மனுஷன் ஆவறதுக்கு முன்னாடி இருக்கற பொருள்னு வச்சுக்கோங்க. முதுகுகளோட ஒரே அரங்கத்துல இதையும் நெனச்சு பாருங்க, அங்க உள்ள ஒண்ணும் இல்ல, இங்க உள்ள மட்டும்தான் இருக்கு.

தலை எங்க போச்சு?

எல்லாரும் கேக்கறது.

அவங்க வாழ்ந்த காலத்த பாருங்க. சின்ன வயசுல ஹிட்லர் படை, வாலிபத்துல ஸ்டாலின் ஊர்வலம். ஜனங்க தலைவர கும்புட்டாங்க, அந்தத் தலைவருங்க கடைசியில கூட்டங்கூட்டமா கொன்னவங்கன்னு தெரிஞ்சுது. கூட்டமா வெறுக்கறது, கூட்டமா தொழுவறது, ரெண்டையும் கிட்டக்க பாத்தவங்க. கூட்டம்ங்கறது மூளை இல்லாத ஒரு உயிர் மாதிரி, சொன்னா கும்புடும், சொன்னா வெறுக்கும், இதுதான் அவங்க கவலை. அப்ப தலை இருந்து என்ன.

ஆனா இது பாதி பதில்தான். தலை, மூஞ்சி இருந்தா நாம மூஞ்சியதான் பாப்போம், இவன் அழறானா சிரிக்கறானா, எந்த ஊர்க்காரன், ஆணா பொண்ணான்னு. மூஞ்சிய எடுத்துட்டா ஒடம்பு பேச ஆரம்பிக்கும், நிக்கிற வெதம், தோள் சாஞ்ச வெதம். பஸ் ஸ்டாண்டுல தூரத்துல நடந்து போறவர பின்னாடிலேர்ந்து பாத்தே நம்ம ஆள்னு கண்டுபுடிச்சுடறோம்ல, அந்த மாதிரி. தலை இல்லாததால அவங்க ஜடமா ஆகல, இன்னும் கொஞ்சம் மனுஷங்களாத்தான் ஆயிட்டாங்கன்னு எனக்கு தோணும், இத ஒத்துக்காதவங்க நெறைய பேர் இருக்காங்க, பரவால்ல.

இரும்பு, வெண்கலத்துக்கு மாறினது கொள்கைய விட்டுக்குடுத்த மாதிரி இல்லையா?

எனக்கும் இந்த சந்தேகம் இருந்துச்சு, முழுசா தீரவும் இல்ல.

ஒண்ணு, உலோகம் அவங்களுக்கு புதுசு இல்ல, 1965லயே போலந்துல எல்பிளாங் நகரத்துல தொழிற்சாலை ஆளுங்களோட சேந்து எஃகுல ஒரு பெரிய வடிவம் பண்ணியிருக்காங்க. ரெண்டு, சாக்கு உருவம் மழை வெயில்ல நிக்காது, வெளிய வைக்கணும்னா வேற வழி இல்ல. 1985ல இத்தாலியில பிஸ்தோயா பக்கத்துல ஒரு தோட்டத்துல 'கதார்ஸிஸ்'னு 33 வெண்கல ஆளுங்க, அதுவும் முன்னாடி ஒடம்பு பின்னாடி காலி. அடுத்து 1987ல ஜெருசலேம்ல 'நெகேவ்', 7 சுண்ணாம்புக்கல் சக்கரம், ஒவ்வொண்ணும் 2.8 மீட்டர் குறுக்களவு, மனுஷ உருவமே இல்ல, கல்லு அதோட கனத்துல நிக்குது, அவ்ளோதான்.

அப்புறம் வார்ப்பிரும்பு. 2002ல போலந்துல போஸ்னான் நகரத்து சிட்டாடல் பூங்காவுல 112 பேரு, பேரு 'அடையாளம் தெரியாதவங்க'. 2006ல சிகாகோவுல கிராண்ட் பார்க்கோட தெக்கு முனையில 'அகோரா', 106 பேரு, ஆளுக்கு 9 அடி ஒசரம். அகோரான்னா பழைய கிரேக்கத்துல ஜனங்க கூடிப் பேசற சந்தை மைதானம், கூடிப் பேசற எடத்துல வாயே இல்லாத 106 பேரு, இந்த குசும்ப கவனிக்கணும். இந்த 106ம் போலந்துல வார்த்து கப்பல்ல போனது. மேல்பரப்ப அவங்களும் ஒதவியாளருங்களும் கையாலயே உருவாக்கினது, கிட்டக்க பாத்தா மரப்பட்டை மாதிரியும் இருக்கும் கிழவர் தோல் மாதிரியும் இருக்கும்.

என் கட்சி என்னன்னா, இரும்பு ஆளுங்க பாக்க கம்பீரம், ஆனா சாக்கு ஆளுங்க கிட்ட இருக்கற அந்த நோஞ்சான்தனம் அதுல இல்ல. சாக்க பாத்தா இது நாளைக்கி இருக்குமோன்னு பதறும், இரும்ப பாத்தா நாம நாளைக்கி இருப்போமான்னு பதறும். ரெண்டும் பதட்டம்தான், எனக்கு முதல் வகைதான் புடிச்சிருக்கு. ஆனா அகோரா மேல பனி விழுந்த படங்கள பாத்தா கொஞ்சம் ஆடிப்போறேன், தோள்ல மட்டும் பனி உக்காந்திருக்கும், தலை இருக்க வேண்டிய எடத்துலயும் உக்காந்திருக்கும்.

மரத்துல பண்ணதும் இருக்குன்னாங்களே?

'போர் விளையாட்டு'ன்னு ஒரு வரிசை, 1987ல ஆரம்பிச்சது. போலந்துல மசூரிய ஏரிங்க இருக்கற பக்கம் வெட்டிப் போட்டிருந்த பெரிய பெரிய அடிமரங்கள எடுத்து, பட்டைய உரிச்சு, கெளையெல்லாம் கை கால் வெட்டின மாதிரி விட்டு, சிலதுக்கு எஃகு கூம்பு மாட்டி, சிலதுக்கு சாக்குத்துணிய காயத்துக்கு கட்டற மாதிரி சுத்தி, இரும்பு தாங்கி மேல படுக்க வச்சிருப்பாங்க. பீரங்கியா, ஸ்ட்ரெச்சர்ல கெடக்கற ஆளான்னு சொல்ல முடியாது. சாக்கு மறுபடி வந்துடுச்சு பாத்தீங்களா, இந்த தடவ கட்டுத்துணியா.

கம்யூனிஸ்ட் அரசாங்கம் இதெல்லாம் எப்டி விட்டுச்சு?

நெசவு, நார் வேலை எல்லாம் அலங்காரக் கலைன்னு ஒரு நெனப்பு இருந்ததால ஓவியத்து மேல இருந்த அளவுக்கு கண்காணிப்பு அதுமேல இல்ல, யாரும் பெருசா கண்டுக்காத மூலையில உக்காந்து இவங்க பெருசா பண்ணிட்டாங்க. வெளிநாட்டுல பேர் வாங்கினதும் அரசாங்கத்துக்கும் அது பெருமையாச்சு. 1965லேர்ந்து 1990 வரைக்கும் போஸ்னான் கலைக் கல்லூரியில சொல்லிக் குடுத்தாங்க, இப்ப அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இவங்க பேருதான். 1982ல, போலந்துல ராணுவச் சட்டம் அமல்ல இருந்தப்ப, சிகாகோவுல இவங்களோட பெரிய கண்காட்சி நடந்துச்சு, அகோரா அங்க போனது 24 வருஷம் கழிச்சுதான்.

இத பெண்ணியக் கலைன்னு சொல்லலாமா?

சொல்றவங்க இருக்காங்க. சிவப்பு அபகான்ல நடுவுல இருக்கற பொளவ பாத்தா யாருக்கும் ஒடம்பு ஞாபகம் வரத்தான் செய்யும், நெசவு பொம்பளைங்க கைவேலைன்னு ஒதுக்கி வச்சிருந்தத 4 மீட்டர் ஒசரத்துக்கு தூக்கி நிறுத்தினதும் சின்ன விஷயம் இல்ல. ஆனா எந்த லேபிளும் அவங்களுக்கு ஆகாது.

துணி மக்கிப் போகாதா, அருங்காட்சியகம் எப்டி காப்பாத்துது?

மக்கும். சணல்ல லிக்னின், அதாவது மரத்துக்கு விறைப்பு குடுக்கற பொருள், அதிகம், வெளிச்சம் பட பட பழுப்பாகி நொறுங்க ஆரம்பிக்கும். சாயம் வெளுக்கும், தூசி நாருக்குள்ள போயி உக்காரும், பூச்சி வரும். அதான் மங்கலான வெளிச்சத்துல வைக்கறது, தொடக் கூடாதுங்கறது. தொடணும்னு கை பரபரக்க வைக்கற பொருள தொடாதேன்னு எழுதி வைக்கறது ஒரு கொடுமை, ஆனா வேற வழி என்ன.

எங்க போயி பாக்கலாம்?

போலந்துல வ்ரோட்ஸ்வாஃப் தேசிய அருங்காட்சியகத்துல பெரிய தொகுப்பு இருக்கு, அந்த அருங்காட்சியகத்தோட 'நாலு குவிமாட அரங்கம்'ங்கற கிளையில பாக்கலாம். பூங்காவுல இருக்கற போஸ்னான் ஆளுங்களும் சிகாகோ ஆளுங்களும் டிக்கெட் இல்லாமயே பாக்கலாம். லண்டன் டேட் மாடர்ன்ல 2022 நவம்பர்லேர்ந்து 2023 மே வரைக்கும் அபகானுங்கள காடு மாதிரி ஒரே எடத்துல தொங்கவிட்டு ஒரு கண்காட்சி நடத்தினாங்க, நமக்குத்தான் குடுத்து வைக்கல. நான் பாத்ததெல்லாம் போட்டோவும் வீடியோவும்தான், இத மறைக்க விரும்பல.

விலை?

2019ல வார்சா ஏலத்துல 'கமினாண்டோ'ன்னு 20 வெண்கல உருவம் சேந்த தொகுதி 80 லட்சம் ஸ்வாட்டிக்கு (போலந்து பணம்) மேல போச்சு. துறைமுகத்துல கழிச்சுப்போட்ட கயித்துல ஆரம்பிச்சவங்க.

அகோரா ஆளுங்க நடக்கறாங்களா, நிக்கறாங்களா?

சிலர் ஒரு கால முன்னாடி வச்சிருக்காங்க, சிலர் அப்டியே நிக்கறாங்க, சிலர் கும்பலா, சிலர் ஒதுங்கி தனியா, எல்லாரும் ஒரே தெசைய பாக்கல. சுத்தி வேலி கெடையாது, பொழுது போனா அந்த வழியா வேலைய முடிச்சுட்டு போறவங்க அவங்களுக்கு நடுவுலயே பூந்து ரோட்டுக்கு போறாங்க, ஒரு வீடியோவுல நாய கூட்டிட்டு வந்த ஒருத்தர் ஒரு இரும்பு ஆள் முட்டியில சாஞ்சு நின்னு செருப்புல மாட்டின கல்ல எடுத்துட்டு இருந்தாரு.